நாங்கள் நாலு பேர்

காலையில் வேலைக்குப் போனதும் நான் முதலில் செய்வது மற்றவர்களின் பற்களைக் கழுவுவதுதான். வைலே நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இங்கே அதைப் பிளையஹெம் என்பார்கள். என் பகுதியில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் எட்டுப் பேருக்குப் பொய்ப்பல். பெயர் ஒட்டிய சின்னச் சின்னக் கோப்பைகளில் பற்கள் தண்ணீருக்குள் கிடக்கும். எடுத்து, பிரஷ் போட்டு, அலசி, உரியவர் வாயில் பொருத்திவிட வேண்டும். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிற சனம், வயது போனதும் தன் பல்லைக் கழற்றி என் கையில் தருகிறது. முதல் மாதம் எனக்குக் குமட்டியது, ஒளிப்பானேன். இப்போது கோப்பையில் பெயர் இல்லாவிட்டாலும் பல்லைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், "டென்மார்க்குக்குப் போய் உந்த வேலையோ செய்யிறா" என்று மூக்கைச் சுளிக்கலாம். தாராளமாகச் சுளியுங்கள். எனக்கு வெட்கமில்லை.

என் மகள் றெபேக்காவுக்குப் பல்வைத்திய ஆசை இங்கேதான் பிடித்தது. பள்ளிக்கூட விடுமுறையில் எங்கள் இல்லத்தில் மேசை துடைக்க, கோப்பி கொடுக்க வந்தாள். அங்கே ஒரு அம்மா, சாப்பாட்டு நேரத்தில் கீழ்ப்பல்லைக் கழற்றி, கடதாசித் துவாயில் சுற்றி மடியில் மறைத்துவிட்டு, வெறும் பல்முரசால் உருளைக்கிழங்கை மசித்து விழுங்குவார். பல் பொருந்தவில்லை, புதிதாகச் செய்விக்க வசதியில்லை. அன்று வீட்டுக்கு வந்த றெபேக்கா சப்பாத்தைக் கழற்றுமுன்னே கத்தினாள். "இஞ்ச எல்லா வருத்தத்துக்கும் இலவசமா மருந்து குடுக்கினம். பல்லு மட்டும் உடம்பில இல்லையோ அம்மா?"  அந்தக் கேள்விக்கு அவளே பதில் தேடப் புறப்பட்டாள். புள்ளிகளும் எடுத்தாள். ஓர்ஹூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பல்வைத்தியப் படிப்புக்கு இடமும் கிடைக்கும் என்றானது.

படிப்புக்கு முன்னால் சில மாதம் ராணுவப் பயிற்சிக்குப் போகப் போகிறேன் என்றாள். எங்களிடம் அனுமதி கேட்கவில்லை, செய்தி சொன்னாள். இந்த நாட்டில் பதினெட்டு வயது வந்த பிள்ளை அப்படித்தான். முதல் லீவில் அவள் வந்திருந்த அன்று, வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், வாசலில் ஆமிச் சப்பாத்து நிற்கிறது. கறுப்பு, உயரமான கழுத்து, சேறு காய்ந்த அடி.  பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றேன். மன்னாரில் எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சப்பாத்து வந்து நின்றால் உள்ளே யாரையோ தேடுகிறார்கள் என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். அளவு முப்பத்தேழு. என் பிள்ளையின் கால்.

பயிற்சி முடிந்து வந்தவள் அடுத்த குண்டைப் போட்டாள். பல்வைத்தியம் படிக்கிற சிலரை ராணுவம் பொறுப்பெடுக்கிறதாம். படிக்கும் காலம் முழுக்க உதவித்தொகை, முடித்ததும் சில வருடம் அவர்களுடைய முகாமிலும் கப்பலிலும் பல்வைத்தியராக வேலை. இங்கே படிப்பு இலவசம், அதற்கு மேல் அரசாங்கம் மாணவருக்கு எஸ்.யு. என்று மாதாமாதம் காசும் தருகிறது. பிறகு எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன். அவள் பாதி டேனிஷிலும் பாதி தமிழிலும் சொன்னாள். "அம்மா, நான் இஞ்ச பிறந்தனான். ஆனா ஒவ்வொரு நாளும் ஆராவது கேப்பினம், நீ எங்கேயிருந்து வந்தனி எண்டு. வைலே எண்டு சொன்னா, இல்லை, உண்மையா எங்கேயிருந்து எண்டு திரும்பக் கேப்பினம். அந்தப் பயிற்சியில நாலு மாசம் ஒருத்தரும் கேக்கேல்லை. பேரையும் நம்பரையும்தான் கேட்டவை." இவர், அதாவது என் கணவர், சாமான் கிடங்கில் பெட்டி தூக்கி முதுகு போன மனிதர். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். 

எங்கள் ஆட்களுக்கு விஷயம் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் ஜெசிந்தா அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். ஓல்போர்க்கிலிருந்து மகளோடு இருக்க வந்தவர், எங்கள் ஊர்க் கதை எல்லாவற்றுக்கும் அவர்தான் கணக்கப்பிள்ளை.

"என்ன பிள்ளை, ஆமிக்கோ விடப்போறாய்? உனக்கென்ன விசரே? ஆமியால நாங்கள் பட்டது காணாதோ?"

"அக்கா, அவள் பல்லுப் புடுங்கப் போறாள். ஆக்களைச் சுடப் போகேல்லை."

"எல்லாம் ஒரே உடுப்புத்தானே."

"உடுப்பு ஒண்டில்லை அக்கா. உங்கட பேரன் பொலிசுக்குப் போக விண்ணப்பம் போட்டவன் எண்டு கேள்விப்பட்டன். அதுவும் உடுப்புத்தானே?"

அவர் கேக்கை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். அப்படி வாய் காட்டினேனே தவிர, எனக்குள்ளும் அதே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து றெபேக்கா விண்ணப்பத்தை நிரப்பினாள். படிப்பு, உடல்நலம் எல்லாம் முடிந்து பாதுகாப்பு விசாரணைப் படிவம் வந்தது. ராணுவத்துக்குள் வருகிற ஆளின் குடும்பம் யார், எவர் என்று துருவுகிற படிவம். பெற்றோர், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள் வரை கேட்டிருந்தார்கள். நெருங்கிய உறவினர் யாராவது ஆயுதம் தாங்கிய அமைப்பில் இருந்தார்களா என்றும் ஒரு கேள்வி. 'எங்கேயிருந்து வந்தனி' என்று ஒருவரும் கேட்காத இடம் என்றாளே, அந்த இடம் எங்கள் குடும்பத்தையே தோண்டிக் கேட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வேகவேகமாகத் தட்டிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, உங்கட வீட்டில மேரி பெரியம்மா, நீங்கள், யூட் மாமா. மூண்டு பேர். சரிதானே?"

"ஓம். மூண்டு பேர்."

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நிற்கவில்லை, கண் இமைக்கவில்லை. அவ்வளவு பழக்கம். அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். கடைசியில் ட்ரோ ஓ லோவ என்று ஒரு வரி வரும். எழுதியதெல்லாம் உண்மை என்று மனச்சாட்சியின் பேரில் உறுதி சொல்லுகிற வரி. இந்த நாட்டுச் சனத்துக்கு அது கோயிலில் கையடித்துச் சத்தியம் பண்ணுவது மாதிரி. அதை என் பிள்ளை வாய்விட்டு வாசித்தாள். அப்போதுதான் என் கை நின்றது.

நாங்கள் மூன்று பேர் இல்லை. நாலு பேர். மேரி அக்கா, அன்ரன் அண்ணா, நான், தம்பி யூட். அன்ரன் அண்ணா பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனார். அந்த நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்ப அட்டை இருந்தது. சுற்றிவளைப்பு வந்தால் ஆமிக்காரன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தலைகளை எண்ணுவான். அட்டையில் பெயர் இருந்து ஆள் வீட்டில் இல்லையென்றால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. அதனால் பிள்ளை போன வீடுகள் பெயரை எடுத்துவிடும். அப்பா ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் விதானையாரிடம் போனார். விதானையார் ஒரு கேள்வியும் கேட்காமல் புது அட்டை எழுதிக் கொடுத்தார். அவருடைய வீட்டு அட்டையிலும் ஒரு பெயர் குறைந்திருந்தது என்று பிறகு அறிந்தோம். அண்ணாவின் பிறப்புச் சான்றிதழையும் படங்களையும் அம்மா அடுப்பில் போட்டார். பின்னேரச் செபமாலை முடிந்ததும் அப்பா எங்களை வரிசையாக இருத்திக் கேட்பார். "எத்தனை பிள்ளையள்?" மூண்டு என்று சொல்ல வேண்டும். யூட் மிகவும் சின்னவன். வாயால் மூண்டு என்பான், கையால் நாலு விரலைக் காட்டுவான். அதற்கு அடி வாங்குவான். நாங்கள் சிரிப்போம், பிறகு அழுவோம்.

ஒரு மழைநாள் மத்தியானம் அண்ணா வீட்டுக்கு வந்தார். அம்மா கணவாய்க் கறி வைத்தார். நனைந்த தலையைத் துவட்டாமலே சாப்பிட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, ஆமிக்காரன் மாதிரிக் குரலை மாற்றி, "ஏய், வீட்டில எத்தனை பிள்ளை?" என்று கேட்டார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே மூண்டு என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கெட்டிக்காரி. உப்பிடித்தான் சொல்லோணும்" என்று இடது கையால் என் தலையில் தட்டினார். நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. பிறகு செய்தியும் இல்லை, உடலும் இல்லை. சண்டை முடிந்து சனம் எல்லாம் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இருந்தது. அம்மாவால் அதுவும் முடியவில்லை. அட்டையில் இல்லாத பிள்ளையைக் காணவில்லை என்று எந்தக் கந்தோரில் போய் முறையிடுவது? அந்தப் பொருமலோடுதான் அம்மா போனார்.

பதினேழு வயதில் நான் தனியாக இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தேன். வயதைச் சொன்னேன், அதை அப்படியே ஏற்கவில்லை. என் பல்லைப் படம் பிடித்து வயதைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து வந்த சொல்லை நம்பாமல், வாயிலிருந்த பல்லை நம்பினார்கள். நல்ல காலம், பல்லும் நான் சொன்னதையே சொன்னது. பிறகு மேசைக்கு எதிரே இருந்த மனிதர் கூடப்பிறந்தவர்கள் எத்தனை என்று கேட்டார். மூண்டு என்றேன், என்னையும் சேர்த்து. மொழிபெயர்ப்பாளர் சொல்ல, அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். உண்மையைச் சொன்னபோது வாயைத் திற என்றவர்கள், பொய்யைச் சொன்னபோது கோப்பி வேண்டுமா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மூண்டு என்பது டேனிஷிலும் எனக்கு மனப்பாடம். பிரசவ மருத்துவமனையிலும் அதுதான், வேலையிடத்திலும் அதுதான்.

கீரையைக் கீழே வைத்துவிட்டு, "நாலு" என்றேன்.

றெபேக்காவுக்கு விளங்கவில்லை. கீரையின் விலையைச் சொல்கிறேன் என்று நினைத்தாள் போல. திரும்பவும் சொன்னேன், அன்ரன் அண்ணாவின் பெயரையும் சொன்னேன், இயக்கத்தையும் சொன்னேன். முதலில் டேனிஷில் கத்தினாள். பிறகு எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு காலமா எனக்கொரு மாமா இருந்தவரோ? எனக்குக்கூடச் சொல்லேல்லையோ?" என்று கேட்டபோது அவளுடைய குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. சத்தம் கேட்டு வந்த இவருக்கு விஷயம் முன்பே தெரியும். கலியாணத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"இப்ப என்னத்துக்கு அதைக் கிண்டுறாய்? நாலெண்டு போட்டா இயக்கத்தையும் எழுதோணும். எழுதினா இந்தச் சலுகை போச்சு. உன்ர அகதிக் கேசில சொன்னதும் பொய்யெண்டு வரும். மூண்டெண்டே இருக்கட்டும். ஆர் வந்து பாக்கப் போறான்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. பிள்ளையின் ஆசை ஒரு எண்ணில் தொங்கியது. நான் றெபேக்காவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதடு மெல்ல அசைந்தது. அவளும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. மூண்டு. என் அப்பா எங்களை இருத்திப் பழக்கிய அதே மாதிரி, நான் வைலேயில் என் சமையலறையில் என் பிள்ளையைப் பழக்கப் போகிறேன். எனக்கு வந்த கோபம் யார் மேலென்று தெரியாது. ஆமி மேல், இயக்கத்தின் மேல், அந்த அட்டையின் மேல், என் வாயின் மேல். "ஒரு மசிரும் வேண்டாம், தள்ளு" என்று கணினியை என் பக்கம் இழுத்தேன். என் பிள்ளைகூட நான் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

ஈரக் கையால் நானே தட்டினேன். மேரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு வரியைத் திறந்து அன்ரன் என்று எழுதினேன். ஆயுதம் தாங்கிய அமைப்பு என்ற இடத்தில் 'ஆம்' என்று போட்டேன். மேலதிக விளக்கத்துக்கு ஒரு பெட்டி இருந்தது. என் முறிந்த டேனிஷில் எழுதினேன். 'இவர் என் அண்ணா. உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது இப்படி ஒரு அண்ணா இல்லை என்று சொன்னேன். அது பொய். என் மகளுக்கு இன்றுதான் தெரியும்.' றெபேக்கா இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். மிச்சத்தில் கைவைக்கவில்லை. அனுப்புகிற பொத்தானை அவளே அழுத்தினாள். இவர் தன் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சில கிழமை கழித்து றெபேக்காவைக் கூப்பிட்டார்கள். தாயும் வந்தால் சில விஷயங்களைத் தெளிவாக்கலாம் என்றார்கள். இவர், "போகாதை, வாயைக் குடுத்து மாட்டுப்படாதை" என்றார். நான் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். எதிரே இருந்தது ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கம்பளிச் சட்டை போட்டிருந்தார். மேசையில் கோப்பியும் பிஸ்கற்றும். விசாரணை என்றால் எனக்குத் தெரிந்த விசாரணை வேறு. இவ்வளவு நல்ல பிஸ்கற் என்னைப் பயமுறுத்தியது.

அவர் இரக்கமாகச் சொன்னார். "இத்தனை வருடம் பொய் சொல்வது உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்திருக்கும்."

"இல்லை" என்றேன். "அது சுகம். இதுதான் கஷ்டம்."

அவருக்கு அது விளங்கவில்லை. நான் மரியாதை இல்லாமல் பேசுகிறேன் என்று எடுத்தாரோ என்னவோ, நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது பொய் சொன்ன நீங்கள் இப்போது சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் சொன்னேன், "மூன்று என்று எழுதியிருந்தால் என் மகளுக்கு லாபம். நாலு என்று எழுதி நட்டப்பட வந்து இருக்கிறேன். எந்தப் பொய்க்காரி இப்படி ஒரு பொய் சொல்லுவாள்?" அவர் சிரித்துவிட்டார். பிறகு மறுபடி முகத்தைச் சரிசெய்துகொண்டு, தாளைப் பார்த்து அடுத்ததைக் கேட்டார். உங்கள் அண்ணாவின் பெயரைச் சொல்லி, அவர் எங்களிடம் இருக்கிறார் என்று சொல்லி, யாராவது உங்களையோ மகளையோ மிரட்டி வேலை வாங்க முடியுமா?

எனக்கு டேனிஷ் மறந்துபோனது. தமிழில்தான் வந்தது. "அவர் உயிரோட இருக்கிறார் எண்டு சொல்லிக்கொண்டு ஆராவது மிரட்ட வந்தா, நான் அவனைக் கும்பிடுவன். கூப்பிட்டு இருத்திச் சோறு போடுவன். மிரட்டட்டும். ஒருத்தன் வந்து மிரட்ட மாட்டானோ எண்டுதானே என்ர அம்மா சாகுமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தவ." சொல்லி முடித்ததும் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒன்றாக வந்தது. அந்தப் பெண் றெபேக்காவைப் பார்த்தார்.  றெபேக்கா நிமிர்ந்து இருந்து, என் சொல்லைச் சொல்லுக்குச் சொல் டேனிஷில் சொன்னாள். சோற்றையும் சொன்னாள், வாசலையும் சொன்னாள். "அப்படியென்றால், ஆம் என்று எழுதவா?" என்று அந்தப் பெண் கேட்டார். "ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதுங்கள்" என்றாள். அந்தப் பெண் நெடுநேரம் தட்டச்சு செய்தார்.

முடிவு டிஜிட்டல் போஸ்ட்டில் வந்தது. எங்கள் விஷயத்தில் இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறதாம், அதற்குள் இந்த வருடத்து இடங்கள் நிரம்பிவிட்டனவாம், வேண்டுமானால் அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாமாம். என் அகதிக் கேஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவர் என்னைப் பார்த்து, "பாத்தியே?" என்று மட்டும் சொன்னார். அது வலித்தது. பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அறைக்குள் போய் அழுதாள்தான். பிறகு வெளியே வந்து சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, "வாற வருசமும் போடுவன். அப்பவும் நாலுதான். பிடிக்காட்டி அவையின்ர பல்லை அவையே புடுங்கட்டும்" என்றாள். இப்போது ஓர்ஹூஸில் எஸ்.யு. காசிலும் சனிக்கிழமை பேக்கரி வேலையிலும் படிக்கிறாள். ஜெசிந்தா அக்கா கேள்விப்பட்டு, "கடவுள் பிள்ளையைக் காப்பாத்திப்போட்டார்" என்றார். கடவுளை இதுக்குள்ள இழுக்காதேங்கோ என்று சொல்லிவிட்டேன்.

மன்னாரில் இருக்கிற மேரி அக்காவுக்கு நான் உடனே சொல்லவில்லை. சொன்ன அன்று, "அண்ணாவின்ர பேரை எழுதிப்போட்டன்" என்றதும் அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் தானாக எடுத்தார். குரலைத் தாழ்த்தி, பெயரைச் சொல்லாமல் கேட்டார்.

"எத்தினையாவதாப் போட்டனி?"

"ரெண்டாவதா. உனக்கு அடுத்ததா."

"பிறந்த திகதி?"

சொன்னேன். சரி என்றார்.  அங்கே பின்னால் காகம் கத்துவது கேட்டது.

"நாலு பேரும் ஒரே தாளிலயோ?"

"ஓம் அக்கா. ஒரே தாளில."

"ஒருக்காப் படமெடுத்து அனுப்பு."

றெபேக்காவிடம் படிவத்தை வாங்கி அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பினேன். மேரி, அன்ரன், நான், யூட். என் அப்பா அம்மாவுக்குக் கிடைக்காத தாள், வேறொரு நாட்டு ஆமியின் கணினியிலிருந்து மன்னாருக்குப் போனது. நீலக் கோடு இரண்டும் விழுந்தன. அக்கா பார்க்கிறார் என்று தெரிந்தது.  பிறகு ஒரு வரி வந்தது. 'பாத்திட்டன். என்ர போனிலை அழிச்சிட்டன். நீ வைச்சிரு.'